கிணறும் கதவும்

சென்ற வாரம் என் நண்பர் ஒருவர் உலகத்திலிருந்து யுத்தத்தை ஒழித்துவிட்டார். சாயங்காலம் காப்பி சாப்பிட வந்தவர், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒழித்துவிட்டார்.

நண்பர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். முப்பது வருஷம் பையன்களுக்குப் போர்களின் தேதிகளை நெட்டுருப் போட வைத்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாகவோ என்னவோ, இப்போது சமாதானத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"சண்டை ஏன் வருகிறது? இரண்டு நாடு இருப்பதால் வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் யாரோடு யார் சண்டை போடுவது? வலது கை இடது கையை வெட்டுமோ? ஐரோப்பாவைப் பாரும். பிரான்ஸும் ஜெர்மனியும் ஒன்று சேர்ந்தன, சண்டை நின்றது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கூட்டுக் குடும்பம் மாதிரி, ஐயா! ஒரே அடுப்பு, ஒரே உலை. நீர் கதை எழுதுகிறவர், உமக்கு இது புரிய வேண்டும்" என்றார்.

கதை எழுதுகிறவன் என்பதால்தான் எனக்கு அது புரியவில்லை. கூட்டுக் குடும்பத்தைப் பற்றிக் கதை எழுதிப் பிழைத்தவன் நான். அந்த ஒரே அடுப்பில் என்னென்ன வெந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நண்பர் சொன்ன ஐரோப்பாவுக்கே போவோம்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்டை நாடுகள் சேர்வதற்கு நான் விரோதி அல்ல. சேர்ந்து நன்றாக இருந்தவர்களைக் கண்டு சந்தோஷப்படுகிறவன்தான். ஆனால் சேர்க்கைதான் சமாதானம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. சேர்ந்த வீட்டுக்குள் எதைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள், அந்த வீட்டை விட்டுப் போக வாசல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் சேர்க்கையைக் கொண்டாடுவது, மாப்பிள்ளை யார் என்று விசாரிக்காமல் பந்தல் போடுகிற காரியம்.

உலக சரித்திரத்திலேயே மிக அழகான சேர்க்கைத் திட்டம் எது என்று கேட்டால், 1940 ஜூன் 16ஆம் தேதி லண்டனில் எழுதிய காகிதத்தைத்தான் காட்டுவேன். ஹிட்லரின் படை இரண்டு நாள் முன்பு பாரிஸுக்குள் புகுந்துவிட்டது. பிரெஞ்சு சர்க்கார் பொர்தோ நகருக்கு ஓடி வந்து, சரணடைவதா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் மந்திரிசபை ஒரு யோசனையை அனுப்பிற்று. பிரிட்டனும் பிரான்ஸும் இனி இரண்டு நாடுகள் அல்ல, ஒரே நாடு. பிரெஞ்சுப் பிரஜை ஒவ்வொருவரும் பிரிட்டிஷ் பிரஜை, பிரிட்டிஷ் பிரஜை ஒவ்வொருவரும் பிரெஞ்சுப் பிரஜை. யுத்தம் நடக்கும்வரை ஒரே மந்திரிசபை. இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ழான் மொனே என்ற பிரெஞ்சுக்காரர். பிராந்தி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. சர்வகலாசாலைப் பட்டம் இல்லாதவர். சர்ச்சிலுக்கே முதலில் இதில் நம்பிக்கை இல்லை, பிறகு சம்மதித்தார். லண்டனில் இருந்த தெகோல் டெலிபோனில் பிரெஞ்சுப் பிரதமர் ரெனோவுக்கு வாசகத்தைப் படித்துக் காட்டினார்.

பிரெஞ்சு மந்திரிசபை அதை ஏற்கவில்லை. அன்று இரவே ரெனோ ராஜினாமாச் செய்தார். பெத்தேன் பதவிக்கு வந்தார். ஆறு நாளில் ஜெர்மனியோடு போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று.

இதற்கு அப்புறம் நடந்ததை என் நண்பர் தம் மாணவர்களுக்குச் சொன்னாரோ என்னவோ தெரியாது. ஜூலை 3ஆம் தேதி, அதாவது இரண்டு தேசத்தாரும் ஒரே பிரஜைகள் என்று எழுதிய பதினேழாம் நாள், அல்ஜீரியாக் கரையில் மெர்ஸ் எல் கெபிர் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படை மீது பிரிட்டிஷ் கப்பல்கள் பீரங்கியால் சுட்டன. அந்தக் கப்பல்கள் ஜெர்மனி கைக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். பிரெஞ்சு மாலுமிகள் சுமார் 1,300 பேர் மாண்டார்கள்.

பிரிட்டனின் பயத்தில் நியாயம் இருந்ததா, இல்லையா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பிரஜா உரிமையைப் பங்கு போட ஒரு காகிதம் போதும். பயத்தை அப்படிப் பங்கு போட முடியாது என்றுதான் சொல்கிறேன். இடி விழும்போது ஒரே குடைக்குள் ஓடி வருகிறவர்கள் மழை திசை மாறினால் ஒருவரையொருவர் வெளியே தள்ளுவார்கள்.

"அது நடக்காத கல்யாணம். அதை வைத்து வாதாடலாமா?" என்பார் நண்பர். சரி, நடந்த கல்யாணம் ஒன்றைச் சொல்கிறேன்.

1958 ஜனவரியில் சிரியாவின் ராணுவ அதிகாரிகள் விமானம் ஏறிக் கெய்ரோவுக்குப் போய், எங்கள் நாட்டை உங்கள் நாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாசரிடம் கேட்டார்கள். ஒரே மொழி பேசுகிற ஜனங்கள், பொது விரோதி, மக்கள் உள்ளத்தில் கொழுந்துவிட்ட ஆசை. பிப்ரவரியில் ஐக்கிய அரபுக் குடியரசு பிறந்தது. இரண்டு நாட்டிலும் வாக்கெடுப்பு நடந்தது; நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று கணக்கு வரும்போதே எனக்குச் சந்தேகம் வரும். எங்கள் வீட்டில் ஆறு பேர். கத்தரிக்காய்க் குழம்பு வைக்கலாமா என்றால்கூட அவ்வளவு ஒற்றுமை வருவதில்லை.

சேர்ந்த பிறகு என்ன ஆயிற்று? சிரியாவின் கட்சிகளையெல்லாம் கலைக்க வேண்டும் என்பது நாசரின் நிபந்தனை, கலைத்தார்கள். முடிவுகள் கெய்ரோவில் எடுக்கப்பட்டன, டமாஸ்கஸில் நிறைவேற்றப்பட்டன. எகிப்திய அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். 1961 ஜூலையில் தொழில்களையும் பாங்கிகளையும் தேசியமயமாக்கும் உத்தரவுகள் வந்தன. இது சரிப்படவில்லை, கொஞ்சம் மாற்றிக்கொள்வோம் என்று முறைப்படி சொல்ல ஓர் இடம் இல்லை. கட்சி இல்லை, போவதற்கு வழியும் இல்லை. அப்புறம் யார் பேசுவார்கள்? துப்பாக்கி வைத்திருக்கிறவன்தான் பேசுவான். 1961 செப்டம்பர் 28ஆம் தேதி டமாஸ்கஸில் ராணுவம் புரட்சி செய்து உறவை அறுத்தது. மூன்றரை வருஷத்துக் குடித்தனம். எகிப்து மட்டும் 1971 வரை அந்தப் பழைய பெயரையே வைத்துக்கொண்டிருந்தது.

இப்போது நண்பர் மார்தட்டிக்கொண்ட பிரான்ஸ், ஜெர்மனிக் கதைக்கு வருவோம். அவர் நினைப்பதைவிட அது பெரிய கதை.

அல்சேஸ் பிரதேசத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் என்று ஒரு நகரம். 1869இல் அங்கே பிறந்த ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறக்கும்போது அது பிரெஞ்சுக் குழந்தை. இரண்டு வயதில், 1871இல், யுத்தத்தில் ஜெயித்த ஜெர்மனி அல்சேஸை எடுத்துக்கொண்டது, குழந்தை ஜெர்மனியனாயிற்று. முதல் மகா யுத்தம் முடிந்த 1918இல் அவன் மீண்டும் பிரெஞ்சுக்காரன். 1940இல் ஹிட்லர் வந்தான், மறுபடி ஜெர்மனியன். 1944 நவம்பரில் நகரம் விடுதலையாயிற்று. எழுபத்தைந்து வயசுக் கிழவர் திரும்பவும் பிரெஞ்சுக்காரர். இத்தனைக்கும் அவர் தெருவை விட்டு நகரவில்லை. அவருடைய பேரன்மார் தலைமுறையில் அல்சேஸ், மொசெல் பிரதேசத்து இளைஞர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, 1942லிருந்து, ஜெர்மன் ராணுவம் கட்டாயமாகப் பிடித்து உடுப்பு மாட்டிப் போர்முனைக்கு அனுப்பிற்று.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அல்சேஸை ஜெர்மனியோடு சேர்த்த ஒவ்வொரு தடவையும், சேர்த்தவர்கள் அதை ஒற்றுமை என்றுதான் சொன்னார்கள். ஒரே ரத்தம், ஒரே பாஷை, பிரிந்தவர் கூடினர் என்றுதான் பாடினார்கள்.

யுத்தம் முடிந்து ஐந்து வருஷம் கழித்து, 1950 மே 9ஆம் தேதி, பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ஷூமான் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஷூமானின் ஜாதகமும் அந்த எல்லைப்புறத்து ஜாதகம்தான். லக்ஸம்பர்க்கில் பிறந்து, ஜெர்மன் பிரஜையாக வளர்ந்து, ஜெர்மன் சர்வகலாசாலைகளில் சட்டம் படித்து, முதல் யுத்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் பிரஜையானவர். அறிக்கையைத் தயாரித்தவர் யார் தெரியுமா? 1940இல் அந்த அழகான காகிதத்துக்குப் பின்னால் நின்ற அதே ழான் மொனே.

பத்து வருஷத்தில் மனிதர் பாடம் படித்திருந்தார். இந்தத் தடவை ஒரே நாடு, ஒரே பிரஜை, ஒரே மந்திரிசபை என்று அவர் ஆரம்பிக்கவில்லை. நிலக்கரி, எஃகு என்று ஆரம்பித்தார்!

ஏன் நிலக்கரி? பீரங்கிக்கு எஃகு வேண்டும். எஃகுக்கு நிலக்கரி வேண்டும். ஜெர்மனியின் ருர் பள்ளத்தாக்கில் நிலக்கரி. பிரான்ஸின் லொரேனில் இரும்புத் தாது. யுத்த நஷ்ட ஈட்டை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று 1923இல் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ருர் பிரதேசத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டதே, அதற்குக் காரணம் இந்தக் கரிதான். அந்த ஆக்கிரமிப்பின் கசப்பை ஹிட்லர் போன்றவர்கள் எத்தனை லாபத்துக்கு விற்றார்கள் என்பது உலகத்துக்குத் தெரியும். ஆகவே மொனே சொன்னார்: சண்டைக்குக் காரணமான பொருளையும் சண்டைக்குக் கருவியான பொருளையும் இருவருக்கும் மேலே ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வையுங்கள். மற்ற நாடுகளும் வேண்டுமானால் வரட்டும். அப்புறம் ஒருவனுக்குத் தெரியாமல் மற்றவன் பீரங்கி வார்க்க முடியாது.

1951 ஏப்ரல் 18ஆம் தேதி பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க். மறு வருஷம் அமலுக்கு வந்தது. மொனேதான் அந்தப் பொது அதிகார சபைக்கு முதல் தலைவர். தகராறு வந்தால் தீர்க்க ஒரு நீதிமன்றம். கேள்வி கேட்க ஒரு சபை. பத்திரத்துக்குக் காலக்கெடு ஐம்பது வருஷம்! 2002 ஜூலையில் கெடு முடிந்தது. அதன் வேலைகளை ஐரோப்பிய யூனியன் எடுத்துக்கொண்டது. என்றென்றைக்கும் பிரியமாட்டோம் என்று சத்தியம் செய்கிறவர்களைவிட, ஐம்பது வருஷத்துக்கு என்று குத்தகைப் பத்திரம் எழுதுகிறவர்கள் எனக்கு நம்பிக்கை தருகிறார்கள். சத்தியம் செய்கிறவன் வானத்தைப் பார்க்கிறான். பத்திரம் எழுதுகிறவன் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறான்.

இது பாதிக் கதை. நண்பரைப் போன்றவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதி ஸார் பிரதேசத்தில் இருக்கிறது.

ஸார் என்பது பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஜெர்மன் பிரதேசம். மண்ணுக்குள் கரி, மண்ணுக்கு மேலே எஃகுத் தொழிற்சாலை. இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு பிரான்ஸ் அதை ஜெர்மனியிலிருந்து பிரித்துத் தனிச் சர்க்கார் அமைத்துத் தன் பொருளாதாரத்தோடு கட்டிப்போட்டது. பிறகு பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் பேசி ஓர் ஏற்பாடு செய்தன. ஸார் இரண்டு பேருக்கும் வேண்டாம். அது ஐரோப்பாவின் பிரதேசமாக இருக்கட்டும் என்றன. கேட்பதற்கு எவ்வளவு உன்னதமாக இருக்கிறது! பிரெஞ்சு சர்க்காருக்கு அது வேண்டும். ஜெர்மன் பிரதமர் அடனவரே, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஸார் ஜனங்களுக்கு யோசனை சொன்னார். 1955 அக்டோபர் 23ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு அறுபத்தேழு பேருக்கு மேல் வேண்டாம் என்று போட்டார்கள்.

அன்றைக்குத்தான் ஐரோப்பாவின் சமாதானத்துக்குப் பரீட்சை. எண்பத்தைந்து வருஷத்துக்குள் மூன்று முறை ரத்தம் சிந்திய இரண்டு நாடுகள். நடுவில் கரியும் எஃகும் நிறைந்த ஒரு பிரதேசம். அதன் ஜனங்கள் பிரான்ஸின் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்கிறார்கள். பழைய நாளாக இருந்தால் அந்த வாரமே ரயிலில் பட்டாளம் ஏறியிருக்கும். இந்தத் தடவை ஏறவில்லை. பிரான்ஸ் உட்கார்ந்து பேசிற்று. கரியில் எனக்கு இன்ன பங்கு, மொசெல் ஆற்றில் சரக்குக் கப்பல் போக வசதி என்று கணக்குத் தீர்த்துக்கொண்டது. 1957 ஜனவரி முதல் தேதி ஸார் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை.

கரி ஏற்கெனவே பொதுவில் இருந்ததால், கரிக்காக ஸாரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. கிணறு பொதுவாக இருந்ததால் கதவைத் திறக்க முடிந்தது. நண்பர் சேர்ந்த தேதியைக் கொண்டாடுகிறார். நான் 'போகிறேன்' என்றவனைப் போக விட்ட அந்த அக்டோபரைக் கொண்டாடுகிறேன்.

இன்னும் வடக்கே போனால் இதைவிடத் தெளிவாகத் தெரியும். 1814இல் நார்வேயை ஸ்வீடனோடு சேர்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே ராஜா. நார்வேக்குத் தனிச் சட்டசபை உண்டு. ஆனால் வெளிநாட்டு விவகாரம் ஸ்வீடன் கையில். நார்வேக்காரர்கள் கடலோடிகள், அவர்களுடைய கப்பல்கள் உலகமெல்லாம் போயின. எங்கள் கப்பலுக்கு எங்கள் கான்சல் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அலுத்து, 1905 ஜூன் 7ஆம் தேதி நார்வே சட்டசபை சேர்க்கை முடிந்தது என்று அறிவித்தது. ஆகஸ்டில் வாக்கெடுப்பு: பிரிவதற்கு ஆதரவு 3,68,208, எதிர்ப்பு 184. பெண்களுக்கு ஓட்டு இல்லை. அவர்கள் வீடு வீடாகப் போய் இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேகரித்துக் கொடுத்தார்கள். (தொண்ணூற்றொன்பது சதவிகிதத்தைக் கண்டால் சந்தேகம் என்று சற்று முன் சொன்னேன். இங்கே சந்தேகம் இல்லை. பிரிய வேண்டாம் என்று ஓட்டுப் போடச் சொல்லி யாரும் வாயை அடைக்கவில்லை.)

இரண்டு பக்கமும் எல்லைக்குப் பட்டாளம் போயிற்று. ஸ்வீடனில் போர் வேண்டும் என்று கூச்சல் போட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து மூன்று வாரத்துக்கு மேல் பேசின. எல்லையில் புதிதாகக் கட்டிய கோட்டைகளை இடித்துவிட வேண்டியது; எல்லையின் இருபுறமும் படை நிற்காத பகுதி ஒன்று விட வேண்டியது; இனித் தகராறு வந்தால் ஹேக் நகரின் மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டியது. கையெழுத்துப் போட்டார்கள். அக்டோபரில் ராஜா ஆஸ்கார் நார்வே முடியை விட்டுக் கொடுத்தார்.

பிரிந்து நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த எல்லையில் யுத்தம் வரவில்லை. 1950களிலேயே இரண்டு நாட்டாரும் பாஸ்போர்ட் இல்லாமல் போய் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே ராஜாவின் கீழ் முறைத்துக்கொண்டிருந்தவர்கள், தனி வீடு போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். சமாதானத்துக்குச் சேர்க்கைதான் வழி என்றால் இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கதவு என்றால் நிஜக் கதவாக இருக்க வேண்டும். சுவரில் சாயத்தால் வரைந்த கதவைச் சொல்லவில்லை. சோவியத் யூனியனின் 1977ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில், ஒவ்வொரு குடியரசுக்கும் தாராளமாகப் பிரிந்து போகும் உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. எப்படிப் போவது என்று மட்டும் எழுதவில்லை. 1990 மார்ச்சில் லிதுவேனியா அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தது. முதலில் பொருளாதார முற்றுகை; 1991 ஜனவரியில் வில்னியஸ் நகரத்தில் டாங்கிகள். பதினான்கு பேர் மாண்டார்கள். யூகோஸ்லாவியாவின் 1974ஆம் வருஷத்துச் சட்டமும் பிரியும் உரிமையை முகவுரையில் சொல்லிற்று, முறையைச் சொல்லவில்லை. 1991இல் வீடு இடிந்தபோது கதவு எங்கே என்று தேடியவர்கள் அரிவாளைத்தான் கண்டார்கள். பாஸ்னியாவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் மடிந்தார்கள்.

நண்பர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 'நாம் இருவரும் ஒன்று' என்ற வார்த்தையைச் சமாதான வார்த்தை என்று அவர் நினைக்கிறார். அது பல சமயம் யுத்தத்தின் முதல் வார்த்தை. 1974 ஜூலை 15ஆம் தேதி, சைப்ரஸ் தீவைக் கிரீஸோடு சேர்த்துவிட வேண்டும் என்று ஏதென்ஸின் ராணுவ ஆட்சி அங்கே ஒரு சதியை நடத்திற்று. ஐந்தாம் நாள் துருக்கியின் படை வந்து இறங்கியது. ஐம்பது வருஷம் தாண்டியும் அந்தத் தீவு இரண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. 2021 ஜூலையில், ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே ஜனம் என்று ரஷ்ய ஜனாதிபதி புட்டின் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். ஏழு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24ஆம் தேதி, அந்த ஒரே ஜனத்தின் மேல் குண்டு விழுந்தது. கட்டுரை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதைப் படித்தபோது கூச்சமாக இருந்தது. அன்பு காட்டுகிற பாஷையில் ஒருவன் வீட்டுப் பத்திரத்தையே கேட்க முடிகிறது!

"கதவைத் திறந்து வைத்தால் எல்லாரும் போய்விடுவார்களே?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பிரிட்டன். 2009இல் அமலுக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையில்தான் ஐரோப்பிய யூனியன், வெளியே போகும் முறையைச் சட்டமாக எழுதிற்று. அதன் ஐம்பதாவது ஷரத்து அது. 2016 ஜூனில் பிரிட்டிஷ் ஜனங்கள் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேர் போவோம் என்றார்கள். 2020 ஜனவரி 31ஆம் தேதி போனார்கள். இடையில் மூன்று பிரதமர்கள், ஓயாத பேச்சு. போனது சரியா, தவறா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. வட அயர்லாந்தின் எல்லை என்ற முடிச்சு பல வருஷம் தொண்டையில் நின்றது. ஆனால் எந்தப் பக்கத்திலும் ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கவில்லை. மற்ற இருபத்தேழு நாடுகளில் எதுவும் பின்னாலே ஓடவும் இல்லை. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவன் ஓட மாட்டான். பூட்டியிருக்கிறது என்று தெரிந்தவன்தான் ஜன்னலை உடைப்பான்.

நண்பர் சரித்திர வாத்தியாராயிற்றே, விடுவாரா? கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அமெரிக்காவின் தென் ராஜ்யங்கள் 1861இல் கதவைக் கேட்டனவே! திறந்து விட்டிருக்கலாமா?" என்றார்.

இங்கே என் வாதம் திணறுகிறது. ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சட்டம் போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. விடை சொல்ல ஆறு லட்சத்துக்கு மேல் உயிர் போயிற்று. ஆனால் அந்த ராஜ்யங்கள் கேட்ட கதவு சுமார் முப்பத்தைந்து லட்சம் அடிமைகளை உள்ளே பூட்டுவதற்கான கதவு. ஆகையால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: போகிறவன் தன் பங்கைத்தான் எடுத்துப் போகலாம், பிறர் சுதந்திரத்தை மூட்டை கட்டிப் போகக் கூடாது. பிரிட்டன் போனபோது முதலில் பேசிய மூன்று விஷயங்களில் ஒன்று, இந்தப் பக்கத்தில் வசிக்கும் அந்தப் பக்கத்துப் பிரஜைகளின் உரிமை. கதவுக்கு நிலை வேண்டும் என்பது இதுதான். நிலை இல்லாத கதவு காற்றில் ஆடி யாராவது ஒருவன் விரலை நசுக்கும்.

ஐரோப்பாவில் சமாதானத்தைக் காத்தது அமெரிக்கப் பட்டாளமும் அணுகுண்டுப் பயமும்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிரீஸும் துருக்கியும் 1952லிருந்து அதே நேட்டோ கூட்டணியில்தான் இருந்தன. சைப்ரஸில் 1974இல் என்ன நடந்தது என்று மேலே சொன்னேன். காவற்காரனை வைத்தால் திருடன் வரமாட்டான். பங்காளிச் சண்டை தீராது.

பங்காளி என்றதும் கூட்டுக் குடும்பம் நினைவுக்கு வருகிறது. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். பாட்டி உயிரோடு இருக்கும்வரை வீடு பிரியக் கூடாது என்று சொல்லிவிட்டாள். குதிர் அறைச் சாவி பெரியப்பாவிடம். என் அக்காவின் கல்யாணத்துக்குத் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று அப்பா கேட்டார். "குடும்பத்தைக் கெடுக்க வந்தவன்" என்ற பட்டம்தான் கிடைத்தது. ஏழு வருஷம் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். நெய் யாருக்கு எத்தனை கரண்டி என்று பெண்கள் எண்ணினார்கள். குழந்தைகளாகிய நாங்களும் எண்ணக் கற்றுக்கொண்டோம். ஒரு நாள் ராத்திரி கொல்லையில் அரிவாள் தூக்குகிற மட்டுக்கும் போயிற்று. ஊருக்கு நாங்கள் ஒற்றுமைக்கு உதாரணம். எங்கள் வீட்டைக் காட்டித்தான் மற்ற வீட்டு மருமகள்களுக்குப் புத்தி சொல்வார்கள்.

அந்த அரிவாளுக்குப் பிறகு பாட்டியே பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பாகப் பத்திரம் எழுதினார்கள். கூடத்தின் நடுவே சுவர் எழும்பிற்று. கொல்லைக் கிணறு மட்டும் மூவருக்கும் பொது. முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது. கோடையில் தூர் வாரும் செலவு மூன்று பங்கு என்று எழுதினார்கள். பத்திரம் பதிவான அன்று பாட்டி சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை.

மறு வருஷம் சித்திரையில் தூர் வார ஆள் இறங்கினான். மேலே ஒரு பக்கம் அப்பாவும் மறு பக்கம் பெரியப்பாவும் நின்று சேறு வாளிக் கயிற்றை இழுத்தார்கள். ஒரு தரம் கயிறு வழுக்கிற்று. "டேய், கையைப் பார்த்துக்கோடா" என்றார் பெரியப்பா. எட்டு வருஷத்தில் அவர் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அந்த ஆவணியில் அக்கா கல்யாணத்தில் பந்தற்கால் ஊன்றியவர் பெரியப்பாதான்.

இதை நான் சொல்லி முடித்தபோது நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சுவர் எழுப்பியிருக்காவிட்டால் ஒருநாள் தானாகவே சரியாகியிருக்கும், ஐயா" என்றார்.

இருக்கலாம். ஆனால் அந்த ஒருநாளுக்கும் அரிவாளுக்கும் நடுவில் எத்தனை ராத்திரி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்; நான் திண்ணையில் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆகவே, அண்டை நாடுகளைச் சேர்த்து வைக்கக் கிளம்புகிறவர்களிடம் நான் கொடியின் வர்ணத்தைக் கேட்கப் போவதில்லை. எந்தக் கிணற்றைப் பொதுவாக வைக்கப் போகிறீர்கள், தூர் வாரும் செலவு யாருக்கு எத்தனை பங்கு, மனம் ஒவ்வாதவன் போகும் வாசல் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பேன். பதில் சொல்லுகிறவர்களோடு நானும் கையெழுத்துப் போட வருகிறேன். பதில் சொல்லாமல் ரத்த பாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தயவு செய்து கொல்லையில் அரிவாள் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.